மண்ணில் வந்து நின்ற பாட்டு

துறைமுகத்து யார்டில் அவளுக்கு மேலக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. நாள் முழுக்க எல்லார் தலைக்கும் மேலே, கிரேன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் அழைத்தார்கள். முதலில் கொஞ்சம் உறுத்தியது. ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் நமக்கு என்ன நஷ்டம் என்று பிறகு விட்டுவிட்டாள்.

கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அவற்றை அடுக்கிலிருந்து தூக்கி லாரியில் வைப்பதும், லாரியிலிருந்து தூக்கி அடுக்குவதும் அவள் வேலை. கூண்டின் தரையும் கண்ணாடிதான். இரண்டு கைகளிலும் இரண்டு பிடிகள், கண் மட்டும் கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி இருக்கும். கழுத்து வலி இந்த வேலையோடு கூடப் பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்டி எந்த இடத்தில் இறங்கவேண்டுமோ அந்த இடத்தை இறங்குகிற பெட்டியே மறைத்துவிடும். அதனால் கீழே ஒருவர் அவளுக்குக் கண்ணாக நிற்கவேண்டும்.

அப்படி நின்றவர் அப்படியே அண்ணன். வாக்கிடாக்கியில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். "அப்படியே வா, அப்படியே, அப்படியே." வீட்டில் மனைவி என்ன சமைக்கட்டும் என்று கேட்டாலும் அப்படியே என்பார் என்று யார்டில் ஒரு கதை உலவியது. மனிதர் பேச்சில் கஞ்சன். மஞ்சள் தலைக்கவசம், எண்ணெய்க் கறை படிந்த தோல் கையுறை, வெயிலில் கறுத்த மூக்கு, இவ்வளவுதான் மேலேயிருந்து பார்த்தால் தெரியும். பல வருஷமாக அவள் அவரைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் உச்சந்தலையைத்தான்.

இருவருக்கும் நடுவே ஒரு விதி இருந்தது. அவர் எதைச் சொன்னாலும், அதன் கடைசிச் சொல்லை அவள் திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் காதில் விழுந்தது என்று அர்த்தம். அவர் "மெதுவா இறக்கு" என்பார், அவள் "இறக்கு" என்பாள். அவர் "கொஞ்சம் இடது" என்பார், அவள் "இடது" என்பாள். சொல் திரும்பி வராவிட்டால் கீழே ஒருவரும் அசையமாட்டார்கள். நாளெல்லாம் இதே பேச்சு. கிளிப்பிள்ளைக்குக்கூட இடையிடையே வேறு சொல் கற்றுக்கொடுப்பார்கள், இவளுக்கு அதுவும் இல்லை.

பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. அவள் கணவர் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவர். முன்னறையில்தான் தையல் இயந்திரம். அவர் "குடை எங்க வெச்ச?" என்று கேட்டால், "வெச்ச இடத்துலதான் இருக்கும்" என்று அவர் வாயின் கடைசிச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் பதில் சொல்வாள். சண்டை போடும்போதும் அப்படித்தான். சண்டையை யாராவது ஓரமாக உட்கார்ந்து கேட்டிருந்தால் சங்கிலி கோப்பது போல இருந்திருக்கும்.

கவிதை வந்தது ஒரு வேலையில்லாத காலையில். கப்பல் தாமதம். கீழே எல்லாரும் நிழல் தேடிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இறங்க அலுத்துக்கொண்டு கூண்டிலேயே இருந்தாள். கடலில் தூரத்தில் மழை வந்துகொண்டிருந்தது. கீழே நிற்பவர்களுக்கு மழை என்பது தலையில் விழும்போதுதான் தெரியும். இவளுக்கு அது கிளம்பும்போதே தெரியும். சாம்பல் நிறத்தில், நேர்கோடாக, தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு வரும். யார்டில் பளீரென்று வெயில் அடிக்கும்போது "மழை வருது" என்று இவள் வாக்கிடாக்கியில் சொல்ல, முதலில் சிரித்தார்கள். இரண்டு தடவை நனைந்த பிறகு, கேன்டீன்காரர் துணி காயப்போடுவதற்கு முன்னால் இவளிடம் கேட்கத் தொடங்கினார்.

அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், 'தூரத்தில் கறுத்தது கடல்.' சொன்னதும் நாக்கு பழக்கதோஷத்தில் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னது, 'கடல்.' கீழே அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. சொல் பாதியில் நின்றது. பாவமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாள், 'கடல்மேல் நடந்து வருகிறது மழை.' உடனே 'மழை' என்றது நாக்கு. இப்படியே போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. 'மழை வரும் சேதி அறியாதது மண்.' மண் என்று சொன்னதும் நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மூன்று வரி. அவள் உச்சி குளிர்ந்துபோயிற்று.

எழுதி வைக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலை. ஒன்றை இழுத்தால் மற்றது வரும். அன்று மாலை கணவரிடம் சொல்லிக் காட்டினாள். அவர் உறைக்கு ஓரம் அடித்தபடி, நல்லாருக்கு என்றார். அவர் எதற்கும் நல்லாருக்கு என்பவர். மின்சாரக் கட்டணம் எவ்வளவு வந்திருக்கிறது என்று சொன்னபோதும் அதையே சொன்னவர். அந்தத் தீர்ப்பை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதன் பிறகு அவளை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இது எங்கிருந்து வருகிறது? பிடித்த கேள்வியை விடுகிற ஜாதி இல்லை அவள். உயரத்தினால் வருகிறதோ என்று விடுமுறை நாளில் குடியிருப்பின் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரருக்குச் சத்தம் போட்டதுதான் மிச்சம். கடலினால் வருகிறதோ என்று கணவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். செருப்பெல்லாம் மணல் ஆனது, அவர் எப்போது கிளம்பலாம் என்று நாலு தடவை கேட்டார், கவிதை எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். உயரம், கடல், திருப்பிச் சொல்கிற வாய், இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடம் கிரேன் கூண்டு மட்டும்தான். அங்கே உட்கார்ந்தால் வரும், இறங்கினால் வராது. கூண்டுதான் எழுதுகிறது, தான் வெறும் வாய் என்றுகூட நினைத்தாள்.

நூலக மாடியில் மாதம் ஒருமுறை கவிதை படிப்பவர்கள் கூடுவார்கள். நடத்துபவர் ஒரு பல் மருத்துவர். வாயைத் திறந்தால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்பது அவர் வழக்கமாக அடிக்கும் ஜோக். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, தூங்குவதற்கென்றே வரும் ஒரு பெரியவர். மேலக்கா எழுந்து, தான் ஒரு புதுவகைப் பாட்டு கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தன் மூன்று வரிகளைச் சொன்னாள். பல் மருத்துவர் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, இதற்கு அந்தாதி என்று பெயர், பல நூறு வருஷமாகத் தமிழில் இருக்கிறது என்றார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பஸ் இறங்குவதற்குள் வெட்கம் போய் வேறொன்று வந்திருந்தது. அப்படியானால் அந்த முதல் ஆள் யார்? அவருக்குக் கிரேன் கிடையாது, வாக்கிடாக்கி கிடையாது. அவர் யாருடைய கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பழகினார்? கிணற்றுக்குள் இறங்கியவருக்கு மேலேயிருந்து குரல் கொடுத்தவரோ? படகில் கயிறு வீசுகிறவரோ? அவரும் மனைவியோடு சண்டை போடும்போது அவள் சொல்லைப் பிடுங்கினாரோ? அன்று இரவு தூங்கும் வரைக்கும் அந்த ஆளுக்கு அவள் ஒவ்வொரு தொழிலாகக் கொடுத்துப் பார்த்தாள்.

மண்ணில் வந்து நின்ற பாட்டு மட்டும் அங்கிருந்து நகரவே இல்லை. வாரங்கள் போயின. கடலைப் பற்றி, மழையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வரி வந்தது. மண் என்று தொடங்கினால் வாய் அடைத்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் முழுப் பாட்டோடு வருகிறேன் என்று வேறு வாக்குக் கொடுத்து வந்திருந்தாள். அதனால் வேலை செய்யும்போதும் மனதுக்குள் அந்தச் சொல்லைப் போட்டு உருட்டத் தொடங்கினாள். பிடியில் கை, கண்ணாடியில் கண், வாயில் அவர் சொல், உள்ளே இந்தச் சொல். சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். சமாளித்தும் விட்டாள், அந்த ஒருநாள் வரை.

அன்று மதியம் ஒரு பெட்டியை லாரியில் இறக்கிக்கொண்டிருந்தாள். லாரியின் நாலு மூலையிலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ள இரும்புப் பூட்டு இருக்கும். ஒரு பூட்டு கோணலாகத் திரும்பியிருந்ததை அப்படியே அண்ணன் பார்த்தார். "நிறுத்து" என்றார்.

"நிறுத்து" என்றாள் அவள்.

சொல்லை வாயில் வாங்கியபோதே அது வரியாகிவிட்டது. இத்தனை வாரமாகத் தேடியது இதுதான். மண் அண்ணாந்து பார்த்துச் சொன்னது, நிறுத்து. நிறுத்து என்றால் நிற்குமா மழை? முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல் வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு கணம் அவள் கூண்டிலும் இல்லை, கிரேனிலும் இல்லை. வாய் நிறுத்து என்றது. கை நிறுத்தவில்லை.

சொல் திரும்பி வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அவர் பூட்டுக்குக் கையை நீட்டியிருந்தார். நிழல் பெரிதாவதை எப்படியோ உணர்ந்து வெடுக்கென்று இழுத்தார். கை வந்தது. கையுறை வரவில்லை.

பெட்டியை மறுபடி தூக்கியபோது அந்தத் தோல் கையுறை அப்பளம் மாதிரி தட்டையாகி இரும்போடு ஒட்டிக்கிடந்தது. அண்ணன் அதைப் பிய்த்து எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கீழே ஓடிவந்த மேற்பார்வையாளரிடம் அவர், பிரேக் வழுக்கிவிட்டது போல, அவள் நிறுத்து என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சொன்ன சொல்லைச் செய்யாமல் விடுவாள் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது?

கிரேனை நிறுத்தினார்கள். மெக்கானிக் வந்து மோட்டார் அறைக்குள் புகுந்தார். பிற்பகல் முழுக்க வியர்வை ஒழுக ஒழுக, குற்றமே இல்லாத பிரேக்கில் குற்றம் தேடினார். மேலக்கா கீழே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தேநீர் கொடுத்தார்கள். பயந்திருப்பாள் பாவம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மனதுக்குள் அந்த இரண்டு வரியும் சுடச்சுட இருந்தன. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவ்வளவு நல்ல வரி அவளுக்கு அதுவரை வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிரேக்கை மாற்றுவார்கள், கூண்டு அவளிடமே இருக்கும், அடுத்த வாரம் நூலக மாடியில் எழுந்து நின்று முழுப் பாட்டையும் சொல்லலாம்.

சொன்னால் கூண்டு போகும். கூண்டு போனால் கவிதை போகும். இதை அவள் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. அப்போது அப்படியே அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றக் கையிலிருந்த கையுறையையும் கழற்றியிருந்தார். வெறுங்கையை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. விரல் நகமெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தன. அவள் பார்ப்பதைக் கவனித்து அவர் அந்தக் கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, பிரேக் இல்ல. நான்தான்," என்றாள்.

மேற்பார்வையாளரின் அறையிலும் அதையே சொன்னாள். அவர் நல்ல மனிதர், ஆனால் குழம்பிப்போனார். கைபேசி பார்த்தீர்களா என்றார், இல்லை. தூங்கினீர்களா என்றார், இல்லை. பிறகு கவனம் எங்கே இருந்தது என்று கேட்டார். மனசுக்குள் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன் என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். குடித்தால் ஒரு விதி இருக்கிறது, உறங்கினால் ஒரு விதி இருக்கிறது. பாட்டுக் கட்டினால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. கடைசியில், மறு உத்தரவு வரும்வரை கூண்டில் ஏறக்கூடாது, கீழே நின்று வேறொரு கிரேனுக்குக் குரல் கொடுக்கவேண்டும் என்றார். அவள் சரி என்றாள். வெளியே வந்ததும் கண் தானாக மேலே போயிற்று. கூண்டு காலியாக இருந்தது.

அண்ணன் வாசலில் காத்திருந்தார். கோபமாக இருப்பார், இனி முகம்கொடுத்துப் பேசமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். இருவரும் யார்டின் வெளிவாசல் வரைக்கும் நடந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

"அப்படி என்ன பாட்டு அது? சொல்லு, கேக்குறேன்."

வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் விடுவதாக இல்லை. மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு, கடலிலிருந்து தொடங்கி ஐந்து வரியையும் சொன்னாள். 'மண் அண்ணாந்து பார்த்துச் சொன்னது, நிறுத்து' என்ற இடத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்த மண் யார் என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்காக நான் போயிருந்தா, நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஆள் இருந்திருக்காதே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். அந்த ஐந்து வரியையும் நூலக மாடியில் சொல்லப்போவதில்லை என்று அவள் அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

கீழே வேலை தொடங்கியது. யார்டின் தரையிலிருந்து கடல் தெரியாது. சுற்றிலும் பெட்டிச் சுவர்கள், டயர் வாசனை, நசுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்கள். வானம்கூட அடுக்குகளுக்கு நடுவே ஒரு கோடாகத்தான் கிடைத்தது. மழை வந்ததும் முதல்முறையாக மற்றவர்களைப் போல நனைந்தாள், கேன்டீன்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். எதிர்பார்த்தது போலவே பாட்டு ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் சொல்லைத் தேடிப் போனாலும், இங்கே திருப்பிச் சொல்கிற வேலை அவளுடையது இல்லை. இவள் சொல்லவேண்டும், வேறு யாரோ திருப்பிச் சொல்லவேண்டும். தன் வாய் பாதியாகக் குறைந்துவிட்டது போல இருந்தது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. கண் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியது. லாரி வந்து நின்றால் தரை எப்படிக் கொஞ்சம் அமுங்குகிறது, பெட்டியின் அடிப்பக்கம் எந்த ஊர்ச் சேற்றைக் கொண்டுவருகிறது, மேலேயிருந்து ஒருபோதும் தெரியாத அந்த அடிப்பக்கம்.

அவள் நின்ற கிரேனின் ஓட்டுநருக்கு எப்போதும் வாயில் ஏதாவது மென்றுகொண்டிருக்க வேண்டும். சொல்லைத் திருப்பிச் சொல்வார், ஆனால் மென்று முடித்துவிட்டுச் சொல்வார். ஒரு நாள் காலையில் அவர் இறக்கிய பெட்டி லாரிக்கு மேலே வந்தது. ஒரு மூலைப் பூட்டு கோணலாக இருந்தது. கையை விட்டுத் திருப்பவேண்டும். பெட்டியின் நிழல் அவள்மேல் முழுசாக விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் இரும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"நிறுத்து" என்றாள்.

பதில் வரவில்லை. மேலே ஒருவர் மென்றுகொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பல வருஷமாக, நாளெல்லாம், ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படியே அண்ணன் இப்படித்தான் நின்றிருக்கிறார். சொல்லை மேலே அனுப்பிவிட்டு, கையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் குரலுக்காக. அவள் அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாக்கிடாக்கியில் "நிறுத்து" என்று வந்தது. அவள் அப்போதும் கையை நீட்டவில்லை. பெட்டி அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து அது வந்தது. கடல் இல்லாமல், உயரம் இல்லாமல், எந்தச் சொல்லின் வாலையும் பிடிக்காமல், நாலு சின்ன வரி தானாக வந்து நின்றது. அவள் அதைப் போ என்று விரட்டவும் இல்லை, வா என்று உள்ளே விடவும் இல்லை. இரு, வேலை இருக்கிறது என்றாள். போனால் போகட்டும் என்று நிஜமாகவே நினைத்தாள். பெட்டி நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு பூட்டைத் திருப்பினாள், கையை எடுத்தாள், மூன்றடி விலகி நின்று இறக்கச் சொன்னாள். பெட்டி இறங்கியது, நாலு பூட்டும் பிடித்தன, லாரி கிளம்பிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நாலு வரியும் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

நிறுத்து என்றேன்.
சொல் திரும்பி வந்துவிட்டது.
பெட்டி நிற்கும்வரை
இந்தக் கை என்னுடையதில்லை.